படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பாலக்கோடு பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் படபடப்பு வந்து பெங்களூருவில் காட்டியபோது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். எக்கோவில் வால்வு நன்றாக இருக்கிறது. மெட்டோப்ரோலால் 50, அமியோடரோன் 200, வார்ஃபரின் 3 மி.கி., கூடவே பிபி மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். எட்டு மாதமாகப் படபடப்பே இல்லை. கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமில் இசிஜி எடுத்து நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு மாதமாக ஈறில் ரத்தம் கசிகிறது. பல் டாக்டர், 'ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாங்க, கடைவாய்ப் பல்லை எடுத்துவிடலாம்' என்கிறார். தெரிந்தவர் ஒருவர், எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டு மூன்று மாதம் லேகியம் சாப்பிடச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: வார்ஃபரினை நிறுத்தக் கூடாது. மெட்டோப்ரோலாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டிய மாத்திரை அமியோடரோன் மட்டும்தான். அதையும் நீங்களாக நிறுத்தினால் வார்ஃபரின் கணக்கு குலைந்துவிடும்.

மூன்று மாத்திரையையும் 'இதய மாத்திரை' என்று ஒரே கணக்கில் வைப்பதால்தான் குழப்பம் வருகிறது. மெட்டோப்ரோலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. அமியோடரோன் தாளம் தப்பாமல் பிடித்து வைக்கிறது. வார்ஃபரினுக்குத் துடிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இதயத்தின் மேல் அறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது (அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்), இடது மேல் அறையோடு ஒட்டியிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்குகிறது. பால் அசையாமல் இருந்தால் தயிர் தோய்வதைப் போல, தேங்கிய ரத்தம் அங்கே உறைகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். அது சரியாக வேலை செய்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிய எதுவுமே நடக்காது. அதனால்தான் முதலில் நிறுத்தப்படுவதும் அந்த மாத்திரையாகவே இருக்கிறது.

முகாம் இசிஜியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அந்தத் தாள் காட்டுவது ஏறக்குறைய 10 விநாடி. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இந்த நோய் வந்து வந்து போகும், பல நேரம் வந்தது தெரியாமலே போகும். மெட்டோப்ரோலாலும் அமியோடரோனும் உள்ளே இருக்கும்போது, வந்தாலும் படபடப்பாக உணராமல் இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவியின் 24 மணி நேர இசிஜி பதிவே அன்றைய ஒரு நாளுக்குத்தான் சாட்சி சொல்லும். 2002-ல் வெளிவந்த 'அஃபர்ம்' என்ற ஆய்வில் 4,060 நோயாளிகள் இருந்தார்கள். அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர் (ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 2-க்குக் கீழே இறங்கவிட்டவர்கள். தாளம் சீராகிவிட்டது என்ற தைரியத்தில் நிறுத்தியவர்களும் அதில் உண்டு.

அப்படியானால் வார்ஃபரின் வேண்டுமா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. வயது 65 முதல் 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2. பிபி 1, சுகர் 1, இதயம் பலவீனமாகி நீர் கோத்திருந்தால் 1, மாரடைப்போ கால் ரத்தக்குழாய் அடைப்போ வந்திருந்தால் 1, ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. கூட்டிப் பார்த்து 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை தொடர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வயதுக்கு 1, பிபிக்கு 1, ஆக 2. இந்தக் கணக்கில் 'இப்போது படபடப்பு இருக்கிறதா' என்று ஒரு கட்டமே கிடையாது. படபடப்பு போனாலும் வயது குறையப் போவதில்லை. ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, துடிப்புக் கோளாறைச் சரிசெய்யும் அப்லேஷன் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே விதிதான்: இரண்டு, மூன்று மாதம் இந்த மாத்திரை கட்டாயம், அதன் பிறகு இந்தப் புள்ளிதான் முடிவு செய்யும். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. 2011-ல், ரத்தம் உறையாமல் இருக்கும் புது மாத்திரைகளில் ஒன்றான அபிக்ஸபானோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் ஆஸ்பிரின் பக்கவாதத்தைத் தடுப்பதில் வெகுவாகப் பின்தங்கியது, பெரிய ரத்தக்கசிவிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் புள்ளிக் கணக்கே பொருந்தாது. உங்கள் அப்பாவுக்கு அது இல்லை. ஆனால் நம் ஊர்களில் சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, முப்பது நாற்பது வயதில் மைட்ரல் வால்வு சுருங்கி, அதன் மேல் இந்தத் துடிப்புக் கோளாறும் சேர்ந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது 35 ஆக இருக்கலாம், பிபி, சுகர் இல்லாமல் இருக்கலாம், புள்ளி பூஜ்யம் வரலாம். அப்படியும் வார்ஃபரினோ அதே இனத்து அசினோகுமராலோ வாழ்நாள் முழுக்க வேண்டும். 'மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் இவர்கள் மாற்றக் கூடாது. 2022-ல் வெளிவந்த 'இன்விக்டஸ்' ஆய்வில், இப்படிக் காய்ச்சலால் வால்வு கெட்ட 'ரூமாட்டிக்' நோயாளிகளில், ரிவரோக்ஸபான் என்ற புது மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் புது மாத்திரை கூடாது. மருந்துக்கடையில் நின்றுகொண்டு எடுக்கிற முடிவு இல்லை இது. எக்கோ ரிப்போர்ட்டில் வால்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த பேச்சு.

உங்கள் அப்பாவைப் போல வால்வு நன்றாக இருப்பவர்கள் புது மாத்திரை பற்றிக் கேட்கலாம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்த பிறகு டாக்டர் சொல்வார். அபிக்ஸபானுக்கு மாறினால், வார்ஃபரினை நிறுத்தி ஐ.என்.ஆர் 2-க்குக் கீழே வந்த பிறகே புதியதைத் தொடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. காலை, இரவு என இரண்டு வேளையும் தவறக் கூடாது, இதன் வேகம் ஒரு நாளில் வடிந்துவிடும்.

இனி ஈறில் வரும் ரத்தம். கடைசியாக ஐ.என்.ஆர் எப்போது பார்த்தீர்கள் என்று கேள்வியில் இல்லை. அநேகமாகப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும். நாளைக் காலையே பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டியிருந்தால், ரத்தம் வராவிட்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அதோடு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் பாருங்கள். அமியோடரோன் சிலருக்குத் தைராய்டைக் கூட்டிவிடும், தைராய்டு கூடினால் வார்ஃபரின் வேகமும் கூடும். அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டும் கல்லீரலும் பார்த்தாக வேண்டும். வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால் நுரையீரலையும் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அடுத்து பார்க்கிற டாக்டர் 'அதே மாத்திரை தொடரவும்' என்று எழுதி அனுப்புவார், இரண்டு வருடம் ஓடிவிடும். நோயாளிக்குப் புரியும் மொழியில் நான்கு வரி எழுதித் தர ஓர் ஆஸ்பத்திரிக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

ரத்தக்கசிவுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைப் பற்றி அப்பாவிடமே நேராகக் கேளுங்கள்: முட்டிவலிக்கு மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்குகிறாரா? தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். வலி தாங்காமல் கடையில் கேட்டால், பேர் இல்லாத மூன்று நான்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இருக்கும், பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். வார்ஃபரினோடு இது சேர்ந்தால் வயிற்றுக்குள்ளே ரத்தம் கசியும், மலம் தார் போலக் கறுத்து வரும். ஈறில் கசிவது கண்ணுக்குத் தெரிகிறது, வயிற்றில் கசிவது தெரியாது. 'வாதத்துக்கு நல்லது' என்று பாக்கெட்டில் வரும் பொடியிலும் இதே ஆபத்துதான். சேர்மானம் எழுதாத, தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத எதையும் வார்ஃபரினோடு சாப்பிடக் கூடாது. உங்களுக்குச் சொல்லப்பட்ட லேகியத்துக்கும் அதே பதில்.

வார்ஃபரின் வாங்கும்போது அட்டையைக் கத்தரியால் வெட்டித் தர விடாதீர்கள். பத்து மாத்திரைக்குக் காசு இல்லாமல் நான்கு கேட்டால், பெயரும் மில்லிகிராமும் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வந்த துண்டில் இருப்பது 1 மி.கி.யா, 3 மி.கி.யா, 5 மி.கி.யா என்று யாருக்கும் தெரியாது. முழு அட்டையாக வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் மில்லிகிராமைப் படித்துப் பாருங்கள்.

'கீரையே சாப்பிடக் கூடாது' என்பதும் தவறு. களிக்குக் கீரைக் கடைசல் வழக்கமாக இருந்தால் வாரத்துக்கு எத்தனை நாளோ அத்தனை நாள், அதே அளவு சாப்பிடட்டும். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்பதுதான் ஐ.என்.ஆரை ஆட்டிவைக்கும்.

மண்டப முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் இசிஜி எடுத்த கையோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்பார்கள். 'ஆஞ்சியோ பார்த்துவிட்டால் மாத்திரையே வேண்டாம், வேன் நாங்களே அனுப்புகிறோம்' என்பார்கள். ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் ரத்தக்குழாய் அடைப்புக்கான வேலை, துடிப்புக் கோளாறுக்கு அது வைத்தியமே இல்லை. ஸ்டென்ட் வைத்தால் மாத்திரை குறையாது. வார்ஃபரினுக்கு மேல் இன்னும் ஒன்றோ இரண்டோ சேரும், ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். நெஞ்சுவலி இல்லை, டாக்டர் சீட்டு இல்லை என்றால் அந்த வேனில் ஏறாதீர்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிபி, சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தர முடிகிறது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர் சொல்லும் சிறு கருவி உலகத்தில் இருக்கிறது. அதையும் அந்தப் பையில் போட்டு அனுப்பினால், மாதம் ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டியதில்லை. பரிசோதனை தூரத்தில் இருப்பதாலேயே மாத்திரையை விடுகிறவர்களை 'ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று திட்டுவதில் நியாயம் இல்லை. அது வரும் வரை, அளவு நிலையாக இருப்பவர்கள் மாதம் ஒரு முறை, முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள்.

அமியோடரோனை டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது உடம்பின் கொழுப்பில் தங்கிவிடுகிற மருந்து. பாதி வெளியேறவே ஏறக்குறைய 50 நாள் ஆகும். 'நிறுத்திப் பத்து நாள் ஆச்சு, ஒன்றும் ஆகலையே' என்பது சோதனையே ஆகாது, மருந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது வடிய வடிய வார்ஃபரினின் வேகம் குறைந்துகொண்டே வரும், பழைய 3 மி.கி. போதாமல் போகும். முதல் சில மாதம் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஐ.என்.ஆர் பார்த்து அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மெட்டோப்ரோலாலைக் குறைப்பதென்றால் ஒன்று இரண்டு வாரத்தில் படிப்படியாக. திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும். நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரிய ஆபரேஷன் முடிந்த வாரத்திலோ, கடும் காய்ச்சலிலோ இந்தத் துடிப்புக் கோளாறு ஒரே ஒரு முறை வந்து போனவர்களுக்கு வார்ஃபரினை நிறுத்துவது சாத்தியம்தான், அதையும் இதய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். கடைசி வார்ஃபரின் மாத்திரை எப்போது போட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், காயமே இல்லாவிட்டாலும் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கடைசியாக, பல். ஒரு பல் எடுக்க ஐந்து நாள் வார்ஃபரினை நிறுத்தத் தேவையில்லை. முந்தின நாள் ஐ.என்.ஆர் பார்த்து 3.5-க்குக் கீழே இருந்தால் காலை நேரத்தில் எடுக்கலாம், பிறகு கசிந்தால் பகலிலேயே கவனிக்க முடியும். குழியில் தையல் போட்டு, பஞ்சுத் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் அந்தத் துணியை, ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்து வைப்பார்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் இரண்டு மூன்று நாள். பல் டாக்டர்கள் வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, வார்ஃபரினின் வேகத்தை நன்றாகவே கூட்டும். சீட்டை வாங்கும்போதே 'அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார், இதற்குப் பதில் வேறு எழுத முடியுமா' என்று கேளுங்கள். வேறு வழியில்லை என்றால், தொடங்கிய மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் ஐ.என்.ஆரை மறுபடி பாருங்கள்.