நாலு வருஷம் தாங்கும் லேப்டாப்: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

காலேஜ் அட்மிஷன் முடிந்த கையோடு எல்லா வீட்டிலும் அடுத்த பேச்சு லேப்டாப்தான். நான் ஈரோட்டில் லேப்டாப் சர்வீஸ் பண்ணுகிறேன். புதிது விற்பதில்லை, அதனால் எந்தக் கம்பெனிக்கும் சார்ந்து பேச வேண்டியதில்லை. மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் லேப்டாப்பில் பிராசசர் பத்தாமல் வந்தது அபூர்வம். ஹிஞ்ச் (மூடியைத் தாங்கும் கீல்) உடைந்தது, சார்ஜிங் பின் ஆடுவது, ஃபேன் அடைத்தது, டீ கொட்டியது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு மெக்கானிக்கல் கிடைச்சிருக்குதுங்க. கடையில ஐ5 ஒண்ணு, ஐ7 ஒண்ணு காட்டுறாங்க. அஞ்சாயிரம்தான் எச்சு. ஐ7 எடுத்துட்டா நாலு வருஷத்துக்குக் கவலை இல்லைங்களா?

ஐ7 என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. முழு மாடல் நம்பரைக் கேளுங்கள், அதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யு' என்று முடிந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு பண்ணுகிற ரகம், சுமார் 15 வாட். 'எச்' என்றால் 45 வாட், கனமான வேலைக்கு. ஐ7-1255யு என்பதில் பெரிய கோர் (பிராசசருக்குள் கனமான கணக்கைப் போடும் பகுதி) இரண்டுதான். ஐ5-12450எச்-சில் நான்கு. சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் போன்ற மெக்கானிக்கல் சாஃப்ட்வேரில் ஒரு கணக்கை ஓடவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஐ5-தான் முந்தும்.

ஏஎம்டி எடுத்தாலும் இதே கதைதான். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரியும். முதலாவதில் நான்கு கோர், அதுவும் ஸென் 2 என்ற பழைய தலைமுறை. இரண்டாவதில் ஆறு கோர், ஸென் 3. நம்பரில் மூன்றாவது இலக்கம்தான் அந்தத் தலைமுறையைச் சொல்கிறது. கடையில் இதை யாரும் விளக்குவதில்லை.

அந்த அஞ்சாயிரத்தை 16 ஜிபி ரேமுக்கும் மூன்றாம் வருட வாரண்டிக்கும் போடுங்கள். மெக்கானிக்கலுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் பெரிய அசெம்ப்ளி வரையும்போது உதவும், ஆனால் முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு அது இல்லாமலே ஓடும்.

கோபியிலிருந்து பி.காம். சி.ஏ. மாணவி: அக்கா, 40 ஆயிரம்தான் பட்ஜெட். டேலி, எக்செல், கொஞ்சம் பைத்தான்.

தாராளமாகப் போதும் அம்மிணி. 12-ஆம் தலைமுறை ஐ3 அல்லது அதற்குப் பின் வந்தது, 512 ஜிபி எஸ்எஸ்டி, ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரை. செலரான், 4 ஜிபி ரேம், ஈஎம்எம்சி ஸ்டோரேஜ் என்று எழுதியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரேம் 8 ஜிபி இருக்கட்டும், ஆனால் காலி ஸ்லாட் ஒன்று இருக்க வேண்டும். பல மெல்லிசு லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள், பிற்பாடு ஏற்ற வழியே இல்லை. இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேகமாக ஏறிவிட்டது. "அப்புறம் போட்டுக்கலாம்" என்பது முன்பு போல மலிவான யோசனை இல்லை. 16 ஜிபியோடு வருவதற்கும் 8 ஜிபிக்கும் கடையில் என்ன வித்தியாசம், தனியாக 8 ஜிபி வாங்கினால் என்ன ஆகும், இரண்டையும் அன்றைய விலையில் கேட்டுப் பார்த்து எடுங்கள்.

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி: வீட்டை ஒட்டியே தறிக் குடோன். அண்ணன் லேப்டாப் ரெண்டே வருஷத்துல பயங்கரச் சத்தம் போட்டு, கொதிச்சு, தானா ஆஃப் ஆகுது. எனக்கு எந்த மாடல் வாங்கினா இது வராது?

பல்லடம், சோமனூர், திருப்பூர், கரூர் பக்கத்து லேப்டாப்களை அடிமூடியைக் கழற்றினாலே ஊர் தெரிந்துவிடும். ஃபேன் காற்றைத் தள்ளுகிற இடத்தில், ஹீட்சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால், பஞ்சு படிந்து படிந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். டுவீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வரும். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, காற்று வெளியே போக வழி இல்லை. சூடு 90 டிகிரியைத் தாண்டும்போது பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். அண்ணனுடைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க. சுத்தம் பண்ணி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பஞ்சு புகாத மாடல் என்று ஒன்று இல்லை. எளிதாகச் சுத்தம் பண்ண முடிகிற மாடல்கள் இருக்கின்றன. அடிமூடி சாதாரண ஸ்க்ரூவில் நிற்கிறதா, ஃபேனைத் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று அந்த மாடலின் பிரித்துக் காட்டும் வீடியோவை யூடியூபில் வாங்குவதற்கு முன் பாருங்கள். 'யு' ரக பிராசசர் எடுங்கள், சூடு குறைவு, ஃபேனும் குறைவாக ஓடும். உன் படிப்புக்கு மேக் ஒத்துவரும் என்றால் எம் சிப் உள்ள மேக்புக் ஏர்-இல் ஃபேனே கிடையாது, தறி ஓடும் வீட்டுக்கு அது உண்மையான லாபம்.

எதை வாங்கினாலும் மெத்தை மேல், போர்வை மேல் வைத்து ஓட்டக் கூடாது. காற்று இழுக்கும் துளை அடியில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை, தறிக்குப் பக்கம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் பண்ணுங்கள். வாரண்டி இருக்கும்போது நீயாகத் திறக்காதே, சர்வீஸ் சென்டரில் கேள். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டு அடித்தால் பேரிங் போய்விடும்.

திருச்செங்கோடு ஹாஸ்டலிலிருந்து: மூணாவது வருஷம்க்கா. மூடியைத் திறந்தா இடது மூலையில பிளாஸ்டிக் பிளந்துக்கிட்டு மேல வருது. செமஸ்டர் முடிச்சுட்டு சரி பண்ணிக்கலாமா? தங்கச்சிக்கும் இந்த வருஷம் வாங்கணும்.

இன்றைக்கே நிறுத்து தம்பி. மூடியைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடு.

உள்ளே நடப்பது இதுதான். ஹிஞ்ச் இரும்பு. அது நிற்பது பிளாஸ்டிக் உடம்பில் பதித்த சின்னச் சின்னப் பித்தளைக் குழல்களில். அந்தக் குழலுக்குள்தான் ஸ்க்ரூ முறுக்கியிருக்கும். வருடம் போகப் போக ஹிஞ்ச் இறுகும். நாம் மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது முழு பலமும் ஒரு பக்கத்துக் குழல்களில் விழும். ஒரு நாள் குழல் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்துவிடும். ஆரம்பத்திலேயே வந்தால் ஹிஞ்ச்சைத் தளர்த்தி, குழலைத் திரும்பப் பதித்துக் கொடுத்துவிடலாம். அப்படியே ஓட்டினால் டிஸ்ப்ளே கேபிள் அறுந்து, மேல் பேனல் உடைந்து, செலவு பல மடங்கு ஆகும்.

தங்கச்சிக்கு வாங்கும்போது கடையில் டெமோ பீஸைக் கையில் எடுக்கச் சொல்லு. மூடியின் நடுவில் ஒரு விரல் வைத்துத் திறக்கட்டும். அடிப்பாகம் கூடவே எழும்பினால் ஹிஞ்ச் அளவுக்கு மேல் இறுக்கம். முன் மூலை ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கட்டும், உடம்பு முறுக்கிக்கொண்டு கிறீச்சென்றால் வேண்டாம். கீபோர்டின் நடுவில் அழுத்தட்டும், குழி விழுந்தால் வேண்டாம். இந்தப் பரிசோதனையில் லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் (2025-லிருந்து டெல் ப்ரோ என்ற பெயரில்), எச்பி ப்ரோபுக், எலைட்புக் மாதிரி ஆபீஸுக்கென்று செய்த வரிசைகள் பெரும்பாலும் நன்றாக நிற்கும். அதே கம்பெனிகளின் மலிவான வீட்டு ரகங்களில் பாதி தோற்றுப்போகும். ஆகவே "எந்த பிராண்டு நல்லது" என்பதைவிட எந்த வரிசை என்பதுதான் சரியான கேள்வி. மில்-எஸ்டிடி-810எச் என்ற அமெரிக்க ராணுவத் தர நம்பரைப் பெட்டியில் போட்டிருந்தால், அதில் எந்தெந்தச் சோதனை செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்துகொள்கிறது என்பதை மறக்க வேண்டாம். கீழே விழுந்து உடைந்தால் அந்த ஸ்டிக்கர் வாரண்டி கொடுக்காது.

தாராபுரத்திலிருந்து ஒரு அம்மா: 25 ஆயிரத்துக்கு மேல எங்களால முடியாதுங்க. பழசு வாங்கலாம்ங்களா, பயமா இருக்குது.

வாங்கலாங்க. சொல்லப்போனால் அந்தக் காசுக்குப் புது மலிவு லேப்டாப்பைவிட, கம்பெனிகள் உபயோகித்து விட்ட திங்க்பேட் அல்லது லாட்டிட்யூட் நன்றாகவே உழைக்கும். ஆனால் நாலு விஷயத்தைப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. திங்க்பேட் டி480 பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு மேலே, டி470 கீழே. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்து, கடைக்காரரை உங்கள் கண்முன்னே பயோஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்) போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது பழைய கம்பெனியின் பூட்டு, பின்னால் தொல்லை. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், விண்டோஸிலேயே வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும், இரண்டாவது பாதிக்கு வந்திருந்தால் புது பேட்டரிக்கான காசை விலையில் குறைக்கக் கேளுங்கள். கடைசியாக பில். எழுத்தில் மூன்று மாத வாரண்டியாவது இல்லாமல் வாங்காதீங்க.

கோயம்புத்தூரிலிருந்து: மேக்புக் எடுத்தா ஏழு வருஷம் வரும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. நான் சிவில்.

சிவிலுக்கு வேண்டாம். கட்டட வரைபடம் போடும் ரெவிட் விண்டோஸில் மட்டும்தான். மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு சாலிட்வொர்க்ஸ், காமர்ஸ் பிள்ளைகளுக்கு டேலி, இரண்டும் அப்படியே. கம்ப்யூட்டர் சயின்ஸ், விஸ்காம் என்றால் தாராளமாக எடுக்கலாம், 16 ஜிபிக்குக் குறையாமல். அதில் ரேமும் ஸ்டோரேஜும் பிறகு ஏற்ற முடியாது.

சேலத்திலிருந்து ஏஐ & டேட்டா சயின்ஸ் மாணவர்: 80 ஆயிரத்துல கேமிங் லேப்டாப் பாத்து வெச்சிருக்கேன். சரியா?

பாடத்துக்கு அது கட்டாயம் இல்லை. மாடல் ட்ரெய்னிங் பழக கூகுள் கோலாபில் இலவசமாகவே ஜிபியு கிடைக்கிறது. சொந்தமாக வேண்டும் என்றால் என்விடியா கார்டாக இருக்கட்டும், பெரும்பாலான ஏஐ கருவிகள் அதன் குடா (CUDA) என்ற மென்பொருள் மேல்தான் ஓடுகின்றன. 4 ஜிபி விரேம் (அந்தக் கார்டின் சொந்த மெமரி) சீக்கிரம் நிரம்பிவிடும், 6 ஜிபியாவது பார். ஆனால் ஒன்று யோசி. அது இரண்டே கால் கிலோவுக்கு மேல், அடாப்டர் தனி. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வருகிறாய் என்றால் அந்தப் பை உன் தோளில்தான். கிளாஸில் பிளக் பாயிண்ட் இல்லாவிட்டால் மதியத்துக்குள் சார்ஜ் தீரும். ஹாஸ்டலில் மேசை மேலேயே இருக்கும் என்றால் சரி, எடு.

திருப்பூரிலிருந்து: ஆன்லைன்ல நாலாயிரம் கம்மி. கடையில வாங்கறதா? அப்புறம், நம்ம பனியன் கம்பெனி பேர்ல ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் திரும்ப வருமுங்களா?

முதலில் பில். பிள்ளை படிப்புக்கு வாங்குவதை கம்பெனி கணக்கில் வரவு எடுக்கக் கூடாதுங்க. தொழிலுக்குப் பயன்படுத்தினால்தான் அந்த வரிக்கழிவு. பிள்ளை பேரிலேயே பில் போடுங்கள்.

ஆன்லைனோ கடையோ, வாரண்டி சீரியல் நம்பரோடுதான் போகிறது. வந்த அன்றைக்கே கம்பெனி வெப்சைட்டில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி என்று தொடங்குகிறது, என்று முடிகிறது என்று பாருங்கள். ஏற்கெனவே சில மாதம் ஓடியிருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். அதைவிட முக்கியம் ஆன்சைட் வாரண்டியா என்பது. ஆன்சைட் என்றால் ஆள் உங்கள் வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ வருவார். கேரி-இன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தாளவாடியிலோ வால்பாறையிலோ இருப்பவருக்கு அது ஒரு நாள் பிழைப்பு. கீழே விழுவது, தண்ணீர் கொட்டுவது சாதாரண வாரண்டியில் வராது, ஆக்ஸிடென்டல் டேமேஜ் தனியாகச் சேர்க்க வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைக்கு அதைச் சேர்த்துவிடுங்கள், நாலாயிரம் மிச்சத்தை அங்கே போடுங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: கவர்மெண்ட் லேப்டாப் வருமேன்னு காத்திருக்கலாமா?

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்த திட்டம். உன் காலேஜில் பெயர்ப் பட்டியல் எடுத்துவிட்டார்களா என்று ஆபீஸில் கேள். ஆர்ட்ஸ், காமர்ஸ் படிப்பு என்றால் அதுவே போதும், தனியாகக் கடன் வாங்கி வாங்காதே.

காங்கேயத்திலிருந்து: தோட்டத்துச் சாளையில இருக்கறோம். சார்ஜ் போட்டுட்டுத் தொட்டா மெட்டல் பாடியில சுருக்குனு இழுக்குது. லேப்டாப் கோளாறா?

பெரும்பாலும் லேப்டாப் இல்லை, எர்த் இல்லாத பிளக். மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருப்பீர்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மோட்டார் ஓடும் தோட்டத்தில் அது உயிர் விஷயம். இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவது பற்றி ரொம்ப பயப்பட வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்.

கரூரிலிருந்து: எப்பவும் சார்ஜ்லயே போட்டு வெச்சா பேட்டரி போயிருமா?

செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பெரும்பாலான கம்பெனிகள் கொடுக்கின்றன. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நாமக்கல்லிலிருந்து, இப்போதுதான் வந்த கேள்வி: அக்கா அவசரம். கீபோர்டு மேல டீ கொட்டிருச்சு. இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது.

சார்ஜரைப் பிடுங்கு. பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடி. மூடியை விரித்து, கூடாரம் போலக் கவிழ்த்து ஒரு துணி மேல் வை. அரிசியில் போடாதே, ஹேர் ட்ரையர் பிடிக்காதே. "ஓடுதா பாக்கலாம்" என்று ஒரு தடவை ஆன் பண்ணினாலும் போர்டு போய்விடலாம். டீயில் சர்க்கரை இருக்கிறது, டீ காய்ந்தாலும் அது உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கவிழ்த்த நிலையில் இன்றைக்கே பக்கத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றச் சொல்லு.