சிவில் முடித்த தம்பிக்கு: வேலையின் பெயரை விடுங்கள், வேலை அனுமதிப் பாஸின் பெயரைக் கேளுங்கள்

தம்பி, இந்த வருடம் பி.இ. சிவில் முடித்துவிட்டு ஒரத்தநாட்டிலிருந்து வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூர் வரலாமா, டிசைனா, சைட்டா, அளவும் செலவும் கணக்குப் போடும் குவான்டிட்டி சர்வேயா, ரூம் வாடகை எவ்வளவு, "சைட் இன்ஜினியர் வேலை, ஆறு லட்சம் கட்டு" என்கிற ஏஜென்ட்டை நம்பலாமா. வாடகையும் சாப்பாடும் இங்கே வந்து இறங்கினால் தானாகத் தெரிந்துவிடும். ஏஜென்ட் விஷயத்தைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஏஜென்ட் வேலையின் பெயரைச் சொல்வார், பாஸின் பெயரைச் சொல்ல மாட்டார். இங்கே எல்லாமே பாஸ்தான், அதாவது அரசு கொடுக்கும் வேலை அனுமதி. தொழிலாளிக்கு ஒர்க் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைக்கு எஸ் பாஸ், உயர்நிலை வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 கணக்குப்படி எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 5,600. வயது ஏற ஏற இதுவும் ஏறும். எஸ் பாஸ் ஆட்களை ஒரு கம்பெனி இத்தனை சதவீதம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கோட்டா உண்டு, தலைக்கு மாதாமாதம் அரசுக்கு லெவி என்கிற கட்டணமும் கட்ட வேண்டும். அனுபவமே இல்லாத பையனுக்கு அந்த இடத்தை ஏன் கொடுப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அப்படியும் கொடுக்கிறேன் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது. காகிதத்தில் 3,300 போட்டு, மாதா மாதம் ஒரு பங்கைக் கையில் திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பெயர் கிக்பேக், இங்கே அது குற்றம். முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் கடனோடு வந்தவன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

அப்புறம் "மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்துப் பாஸ் வாங்கினால் மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் ஊரில் டீ குடித்துக்கொண்டிருப்பார். நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். ஆறு லட்சம் எந்தக் கணக்கு என்று கேட்டுப் பாருங்கள், போனை வைத்துவிடுவார்.

நான் வந்தது 2007-ல். "டெஸ்ட் அடித்து உள்ளே போ, போனதும் இன்ஜினியர் பாஸாக மாற்றித் தருவார்கள்" என்றார் எங்கள் ஊர் ஏஜென்ட். சென்னையில் கட்டுமானத் தொழிலாளிகளுக்குத் திறன் சோதிக்கும் அந்த டெஸ்ட் சென்டரில் கம்பி வளைக்க நின்ற வரிசையில் பாதிப் பேர் டிப்ளமோ, பட்டதாரிகள். பாஸுக்கு முன் அனுமதியாக வரும் ஐபிஏ கடிதத்தில் என் வேலை கட்டுமானத் தொழிலாளி. இங்கே வந்ததும் டார்மிட்டரி, விடியும் முன் லாரி. பாஸ் மாற்றும் பேச்சை எடுத்தால் சூப்பர்வைசர் சிரிப்பார். எனவே ஐபிஏ வந்ததும் என்ன பாஸ், என்ன வேலை, என்ன சம்பளம் என்று வரிவரியாகப் படியுங்கள். அதைப் படிக்காமல் திருச்சி ஏர்போர்ட் பக்கமே போகாதீர்கள்.

இதில் வேதனை, ஊர்ப் பையன்களை இழுத்துவருவது பெரும்பாலும் நம் ஆட்களேதான். மரினா பேயில் நின்று ஒரு போட்டோ போடுவார்கள், அதைப் பார்த்து நாலு பேர் நிலத்தை அடகு வைப்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் நேராக வந்தவர்கள் வேறு ரகம். லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட்டில் நம்மோடு தமிழில் பேசினால் பாஸ் பறிபோய்விடும் என்பது போல நடப்பார்கள்.

சரி, என்னதான் செய்வது என்கிறீர்களா? இரண்டு மூன்று வருடம் ஊரிலேயே வேலை பாருங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம். அதில் டயாப்ரம் வால் (தோண்டும் முன் மண்ணுக்குள் கட்டும் கான்கிரீட் சுவர்), சுரங்கம் என்று எதில் இடம் கிடைத்தாலும் சம்பளம் பார்க்காமல் சேருங்கள். இங்கே கிராஸ் ஐலண்ட் லைன் ரயில் பாதை, சாங்கி ஏர்போர்ட்டின் ஐந்தாவது டெர்மினல் என்று தரைக்கடியில் வேலை நிறைய இருக்கிறது. அந்த அனுபவத்தோடு வருகிறவனைக் கம்பெனியே கூப்பிடும்.

மண்ணுக்கடியில் என்று நான் அழுத்திச் சொல்ல என் சொந்தக் காரணமும் உண்டு. 2004 ஏப்ரல் 20-ல் இங்கே நிக்கோல் ஹைவே பக்கம் ரயில் பாதைக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நாலு பேர் செத்தார்கள். பள்ளத்தின் சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரமான ஸ்ட்ரட்டும், சுவரோடு ஒட்டி ஓடும் உத்தரமான வேலரும் சேரும் இடத்தின் டிசைனில் கோளாறு, கருவிகள் காட்டிய அளவுகளையும் யாரும் உரியபடி கவனிக்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அதற்குப் பிறகு பள்ளம் தோண்டினால் அளவெடுப்பது பெரிய வேலையாகிவிட்டது. எங்கள் சைட்டில் சுவர் சாய்வதை அளக்கும் இன்க்ளினோமீட்டரின் கேபிள் இழுக்க ஆள் வரவில்லை என்று ஒருநாள் என்னை அனுப்பினார்கள். பதித்த குழாய்க்குள் சக்கரம் வைத்த கருவியை அடிவரை இறக்கி, கேபிளில் அரை மீட்டருக்கு ஒரு குறியாக நிறுத்தி நிறுத்தி மேலே இழுக்க வேண்டும். முடிந்ததும் கருவியை 180 டிகிரி திருப்பி மறுபடி அடியிலிருந்து. மழையில் கேபிள் சேறாகி வழுக்கும். இங்கே மெரைன் களிமண், வெண்ணெய் மாதிரி. சுவர் எந்த ஆழத்தில் உள்ளே தள்ளுகிறது என்று வரைபடத்தில் பார்த்ததும், கல்லூரியில் மண் இயக்கவியல் வகுப்பில் தூங்காமல் இருந்தது வீண் போகவில்லை என்று தோன்றியது. எச்சரிக்கை அளவான அலர்ட் லெவலைத் தாண்டியிருக்கிறது என்று நான் சொல்ல, அந்த மலேசிய டெக்னீஷியன் "யூ ஒர்க்கர் ஆ?" என்றார். என் பாஸ் மாறியதற்கு அவர்தான் காரணம். ஹொக்கியன் திட்டுகளையும் அவரிடம்தான் கற்றேன், பங்களாதேஷ் ஆட்களிடம் வங்காளமும். இன்று வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கை மூன்று மொழியில் எடுப்பேன்.

டிசைன் பக்கம் போவதானால் நம் ஊர்க் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 மட்டும் போதாது. 2015 ஏப்ரலிலிருந்து இங்கே ஐரோப்பிய விதிநூலான யூரோகோடுதான். கையெழுத்துப் போடும் புரொஃபஷனல் இன்ஜினியர் ஆக வேண்டும் என்றால் அனுபவமும் இரண்டு தேர்வும் வேண்டும், உங்கள் பட்டத்தை இங்குள்ள புரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் போர்டு ஏற்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் மாதிரியாக உருவாக்கும் பிம், அதற்கான ரெவிட் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது. குவான்டிட்டி சர்வே நல்ல வேலை என்கிறார்கள். மாதக் கடைசியில் நான் போட்ட கான்கிரீட்டில் அரை கியூபிக் மீட்டரைக் குறைப்பதுதான் அவர்கள் செய்து நான் பார்த்த வேலை, அதனால் அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.