'வா'வும் 'தா'வும் நாய்க்கு ஒன்றுதானா?

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது. பந்தை எறிந்தால் ஓடிப்போய் எடுத்து வந்துவிடும். ஆனால் கையை நீட்டி "தா" என்றால் இன்னும் கிட்டே வந்து வாலை ஆட்டுமே தவிர, வாயைத் திறக்காது. "உட்கார்" மட்டும் கச்சிதமாகப் புரிகிறது. அதற்கு நிஜமாகவே சொல் புரியுமா, புரியாதா?

பதில்: நாயின் மேல் தப்பில்லை. அதைக் கூப்பிட "வா" என்றுதானே சொல்வீர்கள்? "வா", "தா" இரண்டும் நமக்கு வேறு வேறு வேலை. நாய்க்குக் கிட்டத்தட்ட ஒரே சொல். அதனால்தான் அது சொன்ன பேச்சைக் கேட்டு இன்னும் கிட்டே வருகிறது!

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அட்டிலா ஆண்டிச் என்ற விஞ்ஞானியின் குழு, நாய்களின் மூளை நம் பேச்சை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பல வருடமாக ஆராய்ந்து வருகிறது. 2020இல் வெளியான ஆய்வில், வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, பழகிய கட்டளைகளையும் பொருளில்லாத சத்தங்களையும் கேட்கவைத்தார்கள். முற்றிலும் வேறான சத்தத்தை நாயின் மூளை உடனே பிரித்துவிட்டது. கட்டளையில் ஒரே ஒரு ஒலியை மட்டும் மாற்றியபோது பிரிக்கவில்லை. உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அப்புறம், நீட்டிய அந்தக் கை. கூப்பிடும்போதும் அப்படித்தான் நீட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். 1907இல் பெர்லினில் 'கணக்குப் போடும்' குதிரை ஹான்ஸை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்தபோது, கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டால் சரியான விடை வரவில்லை. அது படித்தது எண்ணை அல்ல, எதிரில் நிற்பவரின் உடலை. நீங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி "உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். உட்காராவிட்டால், அது இத்தனை நாளும் கவனித்தது உங்கள் சொல்லை அல்ல, சைகையை.

இப்போது செய்ய வேண்டியது, "தா"வைக் கைவிடுவது. "விடு", "கொடு" சரிப்படலாம், ஆனால் ஏற்கெனவே "படு" சொல்லிக்கொடுத்திருந்தால் அவையும் 'டு'வில் முடிந்து சிக்கலாகும். "சக்கரம்" என்றுகூட வைக்கலாம், நாய் அகராதி பார்க்கப்போவதில்லை. அது பந்தோடு வந்ததும் இன்னொரு பந்தைக் காட்டுங்கள். வாய் திறந்து முதல் பந்து கீழே விழுந்த நொடியில் இரண்டாவதை எறியுங்கள். இது பழகியதும், பந்தைக் காட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் புதுச் சொல்லைச் சொல்லத் தொடங்குங்கள். சொல்லும் கையும் சேர்ந்து வந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல் காதில் ஏறாது. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

பாராட்டும்போது குரலிலும் பாராட்டு இருக்கட்டும். ஆண்டிச் குழு 2016இல் 13 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கிப் பார்த்தது. பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தபோதுதான் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி சுறுசுறுப்பானது. போனைப் பார்த்துக்கொண்டே "நல்ல பையன்" என்று முணுமுணுத்தால் அது கணக்கில் சேராது.