பழைய ஃபெண்டர் ஆம்ப் உறுமுகிறது, ட்யூப் மாற்றினால் போதுமா?

ஃபெண்டரின் 1965 டீலக்ஸ் ரிவெர்ப் கிட்டார் ஆம்ப், பத்து வருடம் பரணில் கிடந்தது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது என்கிறீர்கள். ட்யூபுக்கு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடி வால்வுக்கு) காசு போடுவதற்கு முன் ஃபில்டர் கெபாசிட்டர்களைப் பாருங்கள், மின்சாரத்தைச் சீராக்குபவை அவைதான். சேசிஸின் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தின்) வெளிப்பக்கம் ஒரு தகர மூடிக்குள் ஐந்து உருளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் ரசாயனம் வருடக்கணக்கில் காய்ந்துபோனால் டிசியில் (நேர் மின்சாரத்தில்) மிச்சமிருக்கும் அலையை அவற்றால் வடிகட்ட முடியாது, அதுதான் ஸ்பீக்கரில் உறுமலாக வருகிறது. ஐந்தையும் மொத்தமாக மாற்றிவிடுங்கள், ஒன்றிரண்டை விட்டுவைப்பதில் லாபமில்லை.

ஆனால் ஒன்று: அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இதில் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், அந்தக் காலத்து இரண்டு பின் ஒயர். அதோடு மெயின்ஸிலிருந்து (வீட்டு மின்சாரத்திலிருந்து) சேசிஸுக்கு ஒரு கெபாசிட்டர் போகும்; அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே ஷாக் அடிக்கும். அந்தக் கெபாசிட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போடுங்கள், 'ஒரிஜினலாக இருக்கட்டும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது, ஆம்புக்குப் போகும் மெயின்ஸ் லைனில் சீரிஸாக ஒரு குண்டு பல்பைப் போடுங்கள். அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். இத்தனைக்கும் பிறகு உறுமல் நிற்கவில்லையா, அப்போது 6வி6 என்ற பவர் ட்யூப் ஜோடியை மாற்றி பயாஸ் (அவற்றில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரியா என்று பாருங்கள். டோன் பகுதியிலுள்ள நீலக் கெபாசிட்டர்கள் டிசி கசியவில்லை என்றால் தொடவே வேண்டாம்.