‘டென்ஷன் ஆகாதீங்க’ என்றால் சொரியாசிஸ் அடங்குமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடமாக சொரியாசிஸ். முழங்கையிலும் தலையிலும் செதில். சலூனில் முடிவெட்டத் தயங்குகிறார்கள். ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்காகிறது, எதிலும் பிடிப்பில்லை. டாக்டர் ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்கிறார். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? அந்த மாத்திரைகள் தோலைக் கெடுக்குமா?

பதில்: தாராளமாகப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று நானும் பல வருடம் சொன்னவன்தான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைக்கு மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு, செதில் உதிர்ந்துவிடுமோ என்று நாற்காலி நுனியில் உட்காருபவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

சொரியாசிஸ் கிருமியால் வருவதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் உசுப்பப்பட, ஒரு மாத அளவில் வளர்ந்து உதிரவேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகிறது. மனஅழுத்தம் இதைக் கிளப்பிவிடும். அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மனம் சோரும், சொறிந்த இடத்தில் புதுப் படை வரும். எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்காமல் இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பாருங்கள்.

மாத்திரை பயம் பாதி நியாயம்தான். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் பெரும்பாலோருக்குத் தோலில் தொல்லை தருவதில்லை. ஆனால் மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியமும், படபடப்புக்குத் தரும் ப்ரோப்ரனலாலும் சொரியாசிஸைக் கிளறக்கூடியவை. அதனால் மனநல மருத்துவரிடம் முதலில் தோல் நோயைச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது.

தோல் மருத்துவரிடமோ தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். 10ஐத் தாண்டினால், படை உள்ளங்கையளவே இருந்தாலும், களிம்போடு நிற்காமல் அடுத்த கட்ட சிகிச்சையை யோசிப்போம். தோல் தெளியும்போது பலருக்கு மனமும் தெளிகிறது. எல்லோருக்கும் அல்ல, அதனால்தான் இரண்டு மருத்துவர்.

உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் சலூன். ‘இது ஒட்டுநோய் அல்ல’ என்று உங்கள் டாக்டரிடம் தமிழில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்பவர்களுக்கெல்லாம் எழுதித் தருகிறேன். அரை நிமிட வேலை.