பறக்கும் ரயில் நிலையமும் அதைச் சுற்றியுள்ள ஊரும்: கேள்வி பதில்

சென்னையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்களைச் சுற்றி வீடு, கடை, சாலை என்று நீங்கள் கேட்டவற்றுக்கு, நகரமைப்புத் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சார், வேளச்சேரி ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடை என்று ஒரு பிளாட் காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா?

புரோக்கர் சொல்லும் ஐந்து நிமிடம் பெரும்பாலும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு எடுத்தது. வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை நீங்களே நடந்து பாருங்கள். காலை எட்டரைக்கு ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. எந்தப் பக்கம் நுழைவு, நடுவில் எந்தச் சாலையைக் கடக்க வேண்டும், நடைபாதை இருக்கிறதா, இருந்தால் அதில் பைக் நிற்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நுழைந்த பிறகும் படி ஏறி நடைமேடைக்குப் போக நேரம் பிடிக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி என்றால் இன்னொன்றும் உண்டு. ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்த பகுதி அது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அந்தத் தெருவில் பழைய குடித்தனக்காரர்களிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தால் போதும், அவசரமே வேண்டாம்.

இந்த நிலையங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக, பாதி காலியாகக் கிடக்கின்றன?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது. 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. மேல் தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும், அந்த வாடகை ரயிலுக்குக் கை கொடுக்கும் என்ற எண்ணத்தில்தான் நிலையங்களை இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். எண்ணத்தில் தப்பே இல்லை.

ஆனால் கடைக்கு ஆள் வர வேண்டுமே! ரயில் பிடிக்க வருபவர் போகிற வழியில் கடை இருக்க வேண்டும், ரயில் ஏறாதவரும் உள்ளே வர ஒரு காரணம் இருக்க வேண்டும். இங்கே நிலையம் ரயில்வேயுடையது, வாசலைத் தாண்டிய சாலை மாநகராட்சியுடையது, பேருந்து எம்டிசியுடையது, பக்கத்து மனையில் பெரிய கட்டடத்துக்கு அனுமதி சிஎம்டிஏவிடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்துக்கான செலவில் மூன்றில் இரண்டு பங்கை மாநில அரசே ஏற்றது. அப்படியிருந்தும் நிலையத்தையும் தெருவையும் ஒரே வேலையாக யாரும் எடுத்துச் செய்யவில்லை. வேளச்சேரியில் ரயில் நிலையம் ஒரு இடம், விஜயநகர் பேருந்து நிலையம் வேறொரு இடம். பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கினால் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) இருக்கும் பெருங்குடிக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும். மாடியில் கடை எடுப்பவர் எதை நம்பி எடுப்பார்?

அண்ணா, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த ஸ்டேஷன் ஹால் வழியாகத் தனியாக வரவே பயமாக இருக்கிறது. இதற்கு வழியே இல்லையா?

நியாயமான பயம் தங்கச்சி. உயரமான கூரை, தூணுக்குத் தூண் இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லை. கேமராவும் காவலரும் அவசியம்தான், ஆனால் மருந்துக்கடையும் டீக்கடையும் பத்து மணி வரை திறந்திருந்தால் கிடைக்கும் தைரியம் தனி. புகார் சொல்ல ரயில்வே உதவி எண் 139 இருக்கிறது. எந்த விளக்கு எரியவில்லை, எந்தப் படிக்கட்டுக்குப் பக்கம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ‘பாதுகாப்பு இல்லை’ என்று பொதுவாகச் சொன்னால் அது கோப்போடு நின்றுவிடும்.

திருவான்மியூரில் மட்டும் எப்படிக் கூட்டம் வருகிறது?

வேலை பக்கத்தில் இருக்கிறது. ஐடி கம்பெனிகள் இருக்கும் டைடல் பார்க் 2000இலேயே வந்துவிட்டது, ரயில் நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. இறங்கி நடந்தே அலுவலகம் போகலாம் என்றால் ஜனங்கள் ரயிலில் வரத்தான் செய்வார்கள்.

ஜப்பானில் ரயில் கம்பெனியே ஊர் கட்டுமாமே, உண்மையா?

உண்மைதான். ஒசாகா பக்கம் கோபயாஷி இச்சிஸோ என்பவர் 1910இல் ரயில் விட்டார். பாதி வழி வயல்வெளி, ஏறுவதற்கு ஆள் இல்லை. தடத்தை ஒட்டி நிலம் வாங்கி, இகேடாவில் வீடு கட்டி, மாதத் தவணையில் விற்றார். தடத்தின் ஒரு முனையில் தகராசுகா என்ற இடத்தில் பெண்களே நடிக்கும் இசை நாடகக் குழுவை ஆரம்பித்தார், 1914இல் முதல் நிகழ்ச்சி. மறுமுனையான உமேடா நிலையத்தில் 1929இல் பெரிய பல்பொருள் அங்காடி. காலையில் வேலைக்குப் போகிறவர் ஒரு திசை, விடுமுறையில் குடும்பம் எதிர்த் திசை. ரயில் இரண்டு பக்கமும் நிறைந்து ஓடியது. நிலமும் ரயிலும் ஒரே கையில் இருந்ததால் நடந்தது இது. நம் ஊரில் அப்படி ஒரே கை கிடையாது. அதனால்தான் சிஎம்டிஏ, மாநகராட்சி, ரயில்வே மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, ஸ்டேஷன் வாசலில் பூக்கடை போட்டிருக்கிறேன். வளர்ச்சி என்று வந்தால் முதலில் எங்களைத்தானே எடுப்பார்கள்?

அம்மா, கடை ரயில்வே இடத்தில் இல்லாமல் மாநகராட்சிச் சாலையில் இருந்தால், 2014ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் நீங்களும் செய்யுங்கள்: சக்கர நாற்காலி போக வழி விட்டுக் கூடையை வையுங்கள். இறங்கி வருகிறவர் நின்று முழம் பூ வாங்கிப் போகிற வாசல்தான் நல்ல வாசல். உங்களை எடுத்துவிட்டு அங்கே காம்பவுண்டு சுவர் கட்டுவதை நான் வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலையத்துக்குப் பக்கத்தில் உயரமான அடுக்குமாடி வருவது நல்லதா?

நல்லதுதான். 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். உயர்மாடிக்கு 3.25. ஆனால் ஒரு வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கொடுத்து, ஸ்டேஷன் பக்கம் கேட்டே வைக்காமல் கட்டினால், அங்கே குடிவருபவர் ரயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். சின்ன வீடுகள், வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் நிலையத்தைச் சுற்றி வர வேண்டும். ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு அவைதான் கட்டுப்படியாகும்.

பரங்கிமலை இணைப்பை நம்பி இப்போதே ஆதம்பாக்கத்தில் மனை வாங்கலாமா?

பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் அந்த இணைப்பு வெறும் 5 கிலோமீட்டர். ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலம் எடுப்பதில் சிக்கி, வருடக்கணக்கில் தூண்கள் மட்டும் நின்றன. பரங்கிமலையில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் சேர்வதால் அந்த இணைப்புக்கு நிஜமான மதிப்பு உண்டு. அதற்காக ரயில் வந்தால் விலை ஏறும் என்ற ஒரே கணக்கில் கடன் வாங்காதீர்கள். ரயிலே இல்லாவிட்டாலும் அந்தத் தெருவில் குடியிருப்பீர்களா? ஆமாம் என்றால் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வக்கீலிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.