பாவித்த கணினியோடு வரும் ஓட்டோகாட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

பரந்தனில் படம் கீறும் கடையை மூடுகிற ஒருவர், கணினியோடு அதில் ஏற்றியிருக்கும் ஓட்டோகாட் 2014 என்ற கட்டடப் படம் கீறும் மென்பொருளையும் சேர்த்து விற்கிறார், பெட்டியும் டிஸ்க்கும் கைவசம் இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கணினியை வாங்குங்கள். ஓட்டோகாட்டுக்கென்று அவர் கேட்கும் தனிக்காசை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் வன்னி ஆட்கள், இதைக் காணியை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். உறுதிக் காணியை உரிமையாளர் நினைத்தால் விற்கலாம். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியில் கிணறு வெட்டலாம், வீடு கட்டலாம், வருடக்கணக்காகப் பயிர் செய்யலாம். பிரதேச செயலகம் எழுத்தில் சம்மதிக்காமல் கைமாற்ற முடியாது. மென்பொருள் லைசென்ஸ் பெரும்பாலும் பெர்மிட் காணிதான். டிஸ்க் அவர் கையில் இருக்கிறது, பாவிக்கும் அனுமதி அவர் பெயருக்கு மட்டும் கொடுத்தது. தன் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று ஓட்டோகாட்டைச் செய்யும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறது.

உங்கள் கேள்வியைப் போலவே ஒரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது. கட்டடக்கலை அலுவலகம் ஒன்று பழைய ஓட்டோகாட் ரிலீஸ் 14 பெட்டிகளை விற்க, வெர்னர் என்பவர் வாங்கி ஈபேயில் போட்டார். காசு கொடுத்து வாங்கியதை விற்கலாம்தானே என்பது அவர் வாதம். 2010-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த அலுவலகமே அதற்குச் சொந்தக்காரர் இல்லை, லைசென்ஸ் பெற்றவர் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் நேர்மாறு. முழுக் காசையும் வாங்கிக்கொண்டு காலவரையறை இல்லாமல் கொடுத்த லைசென்ஸ் விற்பனைதான், முதல் ஆள் தன் பிரதியை அழித்துவிட்டு விற்கலாம் என்று 2012-ல் ஆரக்கிள் வழக்கில் தீர்ப்பு வந்தது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அது ஐரோப்பாவுக்குரிய தீர்ப்பு, பரந்தனில் செல்லாது.

அந்தக் கணினியில் உள்ள விண்டோஸையும் பாருங்கள். கிளிநொச்சியில் என் கடைக்குப் பாவித்த கணினி ஒன்று வாங்கினேன். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்து, ஒரிஜினல்தான் என்று நம்பிக் கூடக் காசும் கொடுத்தேன். அந்த மாரி மழையில் இடி விழுந்து மதர்போட் எரிந்துபோனது. புது மதர்போட் போட்டேன். திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்ற சாம்பல் நிற எழுத்து வந்து நின்றது. அது ஓஇஎம் லைசென்ஸ், அதாவது கணினி செய்த நிறுவனமே ஏற்றிக் கொடுத்தது, பழைய மதர்போட்டோடு பிணைந்தது. கணினியோடு சேர்த்து அதை விற்கலாம், கழற்றி இன்னொன்றில் போட முடியாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸ் என்றால் பழைய கணினியில் அழித்துவிட்டு மாற்றலாம். மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசென்ஸ் என்றால் அது ஏதோவொரு நிறுவனத்துடையது, காசு கொடுக்கவே கூடாது. எது என்று கண்டுபிடிக்க, ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் டிஎல்ஐயும் போடுங்கள். வரும் சின்னப் பெட்டியிலேயே இருக்கும்.

அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளின் மாணவர் லைசென்ஸை இரவல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது படிப்புக்கு மட்டும், கூலிக்குப் படம் கீற அல்ல. சின்ன வீட்டுப் படங்களுக்கு லிப்ரேகாட் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம், அதை யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கவும் தடையில்லை.

சரி, அந்த அண்ணை பிடிவாதமாக நின்றால், லைசென்ஸை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி அவரையே நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். சம்மதக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.